பையில் போகும் இரண்டாம் திரை

பேரிகைக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் கர்நாடகத்தின் மாலூர் வட்டம் வந்துவிடும். மேற்கே போனால் பாகலூர், அதைத் தாண்டினால் ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் இது. தக்காளியும் கோஸும் விளைந்த நிலங்களுக்கு நடுவே பாலிஹவுஸ் ரோஜா வந்தது. சிப்காட் கம்பெனிகளின் ஷிப்ட் வண்டிகள் வந்தன. இப்போது காலைப் பேருந்தில் சோற்றுப் பைக்குச் சமமாக லேப்டாப் பைகளும் ஏறுகின்றன.

அந்தப் பையை மாட்டியிருப்பவர்களில் ஒரு சாரார் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள்: வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டுத் திண்ணை. இன்னொரு சாரார் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய் இயந்திரங்களுக்கு பிஎல்சி புரோகிராம் எழுதிக் கொடுப்பவர்கள். புரோகிராமின் லேடர் வரைபடம் ஒரு ஜன்னலில், வயரிங் வரைபடம் இன்னொரு ஜன்னலில், பதினான்கு அங்குலத் திரையில் ஆல்ட்-டேப் அடித்து அடித்தே பொழுது போய்விடும். மூன்றாவது சாரார் பூக்காரர்கள். காலையில் வெட்டிய ரோஜாவைப் படமெடுத்து, தரம் பிரித்துக் கணக்கெழுதி, வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறவர்கள். மூவரும் கேட்பது ஒரே கேள்வி: லேப்டாப்போடு எடுத்துப்போகிற மாதிரி மெலிசான மானிட்டர் விற்கிறார்களே, எதை வாங்கலாம்?

முதலில் ஒரு கறாரான பதில். அந்தத் திரை வீட்டைவிட்டு வெளியே போகாது என்றால் வாங்கவே வேண்டாம். ஏறக்குறைய அதே விலைக்கு 24 அங்குல மேசை மானிட்டர் வந்துவிடும். அதன் கால் உறுதியாக நிற்கும், எழுத்து பெரிதாகத் தெரியும், கழுத்தும் வலிக்காது. கையில் எடுத்துப்போகும் திரைக்கு நாம் கொடுக்கும் விலை அதன் முக்கால் கிலோ எடைக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்கும்தான். அந்த இரண்டும் தேவைப்படாதவருக்கு அது வீண் செலவு.

தேவைப்படுகிறவர்கள் மேலே படிக்கலாம். இந்தப் பொருளின் அட்டைப்பெட்டியில் எது பெரிய எழுத்தில் இருக்கிறதோ அதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 4கே, எச்டிஆர், அல்ட்ரா ஸ்லிம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். உங்கள் லேப்டாப்பில் அது எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் பெட்டியில் ஓர் ஓரத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

அந்த விஷயம் லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள ஓட்டை. “டைப்-சி இருந்தா போதும் சார், எல்லாம் வரும்” என்று கடைக்காரர் சொல்வார். எல்லாம் வராது. யூஎஸ்பி டைப்-சி என்பது 2014 ஆகஸ்டில் வெளியான ஒரு செருகியின் வடிவம், அவ்வளவுதான். அந்த வடிவத்துக்குள் 24 தொடர்புமுனைகள் இருக்கின்றன. அவற்றில் எவை எதற்கு வேலை செய்யும் என்பது லேப்டாப் தயாரித்தவர் உள்ளே என்ன வயரிங் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. வழக்கமாகக் கோப்புகளைக் கடத்தும் அதிவேகக் கம்பி ஜோடிகளைப் படத்துக்காக ஒதுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு அது. செருகியதும் சிசி என்ற முனை வழியாக இரண்டு கருவிகளும் பேசிக்கொள்ளும்: நீ திரையா, உனக்கு எத்தனை ஜோடி வேண்டும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று. லேப்டாப்புக்கு அந்த ஏற்பாடு இல்லை என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். மானிட்டரில் விளக்கு எரியும், ‘சிக்னல் இல்லை’ என்று வரும், அவ்வளவுதான். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் டைப்-சி ஓட்டை கோப்பு கடத்த மட்டும், சிலவற்றில் சார்ஜ் ஏற்ற மட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போன் டார்ச்சை அடித்து ஓட்டையின் பக்கத்தில் உள்ள பொடிக் குறியைப் பாருங்கள். டி-க்குள் பி எழுதிய மாதிரி ஒரு சின்னம் இருந்தால் படம் வரும். மின்னல் அம்பு இருந்தால் பெரும்பாலும் அது தண்டர்போல்ட்; தண்டர்போல்ட் என்றால் நிச்சயம் வரும். யூஎஸ்பி4 என்று விவரத்தாளில் இருந்தாலும் வரும், அந்தத் தரம் லேப்டாப்பில் படத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எஸ்எஸ் என்று மட்டும் இருந்தால் அது கோப்பின் வேகத்தைத்தான் சொல்கிறது, படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. குறியே இல்லை என்றால் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை அடித்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ என்ற சொல்லைத் தேட வேண்டும். மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு: எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஏற்கும்.

ஓட்டை சரியாக இருந்தும் படம் வராமல் போகலாம். அங்கே கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஒரு சின்னக் கணக்கு இதை விளக்கிவிடும். முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றின் நிறத்தைச் சொல்ல 24 பிட். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 298 கோடி பிட். செல்போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிளில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். அதன் உச்ச வேகம் வினாடிக்கு 48 கோடி பிட். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையில் படம் போக வேண்டிய அதிவேக ஜோடிகளே அந்தக் கேபிளுக்குள் கிடையாது. ஓசூரை அடுத்த திம்ஜேப்பள்ளிப் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் மேலுறைகள் உருவாகின்றன. ஐபோன் 15-ன் டைப்-சி ஓட்டை வெளித்திரைக்குப் படம் அனுப்பும், ஆனால் அதன் பெட்டியில் வரும் வெள்ளைக் கேபிள் அனுப்பாது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, அப்படியும் இப்படித்தான். ஆகவே மானிட்டரோடு வரும் கேபிளைத் தனியாகக் குறித்து வையுங்கள். அது சற்றுத் தடிமனாக, ஒரு மீட்டருக்குள் இருக்கும். அதை வீட்டில் சார்ஜருக்கு எடுத்துவிட்டார்களானால் திரும்பக் கிடைக்காது.

ஆல்ட் மோட் இல்லாத லேப்டாப்காரர்கள் மனம் தளர வேண்டாம். எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும். மானிட்டரின் பக்கம் மினி எச்டிஎம்ஐ என்ற சிறிய வடிவம் இருக்கும். அதற்கான கேபிள் பெட்டியில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் கொண்டுபோகும் மின்சாரம் 5 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர், அதாவது கால் வாட். அதில் மானிட்டர் எரியாது. ஆகவே பக்கத்தில் இன்னொரு கம்பி, மின்சாரத்துக்கு. மூன்றாவது வழி டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்த அடாப்டர் அல்லது மானிட்டர். லேப்டாப்பில் ஒரு டிரைவரை நிறுவி, படத்தைச் சுருக்கி, சாதாரண யூஎஸ்பி வழியாகவே அனுப்பும் உத்தி அது. எக்செல், லேடர் வரைபடம், மெயில் எல்லாம் அதில் நன்றாக ஓடும். சினிமா பார்த்தால் லேப்டாப்பின் விசிறி இரையும். கம்பெனி லேப்டாப்பாக இருந்தால் டிரைவர் நிறுவ ஐடி துறையின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

மின்சாரம் என்றதும் பேரிகைக்காரர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நினைவுக்கு வரும். காலை 9 மணிக்குப் போனால் எப்போது வரும் என்று பார்த்துக் காத்திருக்கிற நாள் அது. அன்றைக்கு இந்த இரண்டாம் திரை நண்பனா பகைவனா? 15.6 அங்குல முழு எச்டித் திரை ஒன்று சுமார் 8 வாட் இழுக்கும். மெயிலும் எழுத்து வேலையுமாக இருக்கும் ஒரு சாதாரண லேப்டாப்பே 10 வாட்தான் இழுக்கிறது. பேட்டரி 50 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால், தனியாக 5 மணி நேரம் தாக்குப் பிடிப்பது, திரையையும் சேர்த்துச் சுமந்தால் சுமார் 2 மணி 45 நிமிடத்தில் முடிந்துவிடும். கரன்ட் இல்லாத நாளில் இரண்டாம் திரையைக் கழற்றி வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம், அல்லது அதற்கு மட்டும் ஒரு பவர் பேங்க்.

டைப்-சி ஓட்டை எவ்வளவு மின்சாரம் கொடுக்கும் என்பதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சில லேப்டாப்கள் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 15 வாட் கொடுக்கும். சில 1.5 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும், 7.5 வாட். இரண்டாவது வகையில் மானிட்டர் தானாகவே வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். ஏற்ற முயன்றால் அணைந்து அணைந்து எரியும். பலர் இதை மானிட்டரின் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதற்குத் தீர்வு மானிட்டரில் இரண்டு டைப்-சி ஓட்டைகள் இருப்பது, ஒன்றின் வழியாக வரும் சார்ஜரின் மின்சாரம் மானிட்டரைக் கடந்து லேப்டாப்புக்கும் போவது. 65 வாட் சார்ஜரை மானிட்டரில் செருகிவிட்டால் திரையும் எரியும், லேப்டாப்பும் ஏறும், சுவரிலிருந்து ஒரே கம்பிதான் வரும். ஒரே ஒரு டைப்-சி ஓட்டை உள்ள லேப்டாப்புக்கு இந்த வசதி இல்லாத மானிட்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி வெளிச்சம். நிட் என்ற அலகில் சொல்வார்கள். மலிவான திரைகள் 250 நிட் என்று போட்டிருக்கும். கொஞ்சம் நல்லவை 300, 400. எச்டிஆர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வெசா 2017-ல் வகுத்த டிஸ்ப்ளேஎச்டிஆர் தரத்தின் மிகத் தாழ்ந்த படியே 400 நிட்தான் என்பதை நினைவில் வையுங்கள். 250 நிட் திரையில் எச்டிஆர் என்பது வெறும் அச்சு மைதான்.

அந்த 250 நிட் போதுமா என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைவிட, என்ன சட்டை போட்டிருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, கணக்கிட்டுப் பார்க்கலாம். கண்ணாடிப் பரப்பு ஒன்று தன் மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வீட்டு அறையில் 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது, நீங்கள் வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டை ஒளியில் 80 சதவீதத்தைச் சிதறடித்தால் அதன் பிரகாசம் சுமார் 76 நிட். பளபளப்பான திரையில் அதன் பிம்பம் 3 நிட். திரையின் வெள்ளை 250, கறுப்பு 3. எண்பது மடங்குக்கு நெருங்கிய வித்தியாசம், எழுத்து தெளிவாக இருக்கும். அதே சட்டையோடு, அதே திரையோடு பாலிஹவுஸ் வாசலின் நிழலுக்கு வாருங்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் நிழலிலேயே 10,000 லக்ஸ் இருக்கும். சட்டையின் பிரகாசம் 2,500 நிட்டைத் தாண்டும், அதன் பிம்பம் 100 நிட். இப்போது திரையின் கறுப்பு 100, வெள்ளை 350. மூன்றரை மடங்குதான். எழுத்து சாம்பலில் சாம்பலாகத் தெரியும்.

இரட்டிப்பு விலை கொடுத்து 500 நிட் திரை வாங்கினால் அந்த மூன்றரை ஆறாக உயரும். கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு, இருண்ட சுவரைப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் அதைவிட அதிகமாக உயரும், செலவும் இல்லை. பளபளப்பில்லாத மேட் பரப்பு பிம்பத்தைக் கலைத்துவிடும். வெளிச்சம் முழுவதும் போகாது, ஆனால் சட்டைப் பொத்தான்கள் திரையில் தெரியாது. தொழிற்சாலைத் தளத்திலும் பாலிஹவுஸிலும் வேலை என்றால் மேட் திரைதான். தொடுதிரை வசதி உள்ளவை பெரும்பாலும் கண்ணாடிப் பரப்போடு வரும் என்பதால் அவற்றை இந்த இரண்டு இடங்களுக்கும் வேண்டாம் என்பேன். எண்ணெய்க் கையும் மண் கையும் பட்டால் என்னாகும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நிறத்துக்கு வருவோம், பூக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

பாகலூர் அருகே அமுதகொண்டப்பள்ளியில் அரசின் டிட்கோ நிறுவனத்தின் பங்கோடு உருவானது டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா. அதைச் சுற்றியும் பேரிகைப் பக்கமும் தனி விவசாயிகளின் பாலிஹவுஸ்கள் நிறைய. பிப்ரவரி 14-க்கு முன்னால் இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பூக்களில் ‘தாஜ்மஹால்’ என்ற சிவப்பு ரோஜாவுக்குத் தனி மதிப்பு. அந்தச் சிவப்பை மலிவான திரையில் பார்த்தால் செங்கல் நிறத்தில் தெரியும். பூவைப் படமெடுத்தவர் இதென்ன வெளுத்திருக்கிறதே என்று படத்தில் சிவப்பை ஏற்றுவார். அதை நல்ல செல்போனில் திறக்கும் வியாபாரி, சாயம் பூசிய மாதிரி இருக்கிறதே என்று கேட்பார். பூவிலும் குறையில்லை, போனிலும் குறையில்லை. நடுவில் இருந்த திரைதான் பொய் சொன்னது.

ஏன் சிவப்பு மட்டும் இப்படி அடிபடுகிறது? எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் வெள்ளை எல்இடி விளக்கு. அந்த வெள்ளையும் அசல் வெள்ளை அல்ல: நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசி எடுத்த கலவை. நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் கிடைத்தது. இந்தக் கலவையில் நீலம் தாராளம், மஞ்சளும் பச்சையும் உண்டு, அடர்சிவப்பு மட்டும் கம்மி. அதன் முன்னால் உள்ள சிவப்பு வடிகட்டி கறாராக இருந்தால் கொஞ்சமே இருக்கும் சிவப்பைச் சுத்தமாகப் பிரித்துத் தரும், ஆனால் நிறைய ஒளி வீணாகும். விலையைக் குறைக்க வேண்டியவர்கள் வடிகட்டியை வெளிறலாக வைப்பார்கள். சிவப்போடு ஆரஞ்சும் மஞ்சளும் கசிந்து வரும். திரை பளிச்சென்று இருக்கும், மின்சாரமும் மிச்சம், ரோஜா மட்டும் செங்கல்.

இதை விவரத்தாளில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 45 சதவீத என்டிஎஸ்சி என்று இருந்தால் அது வெளிறல் ரகம். 72 சதவீத என்டிஎஸ்சி அல்லது 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் நல்லது. பரப்பளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. என்டிஎஸ்சி என்பது 1953-ன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தரம், எஸ்ஆர்ஜிபி 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கணினிக்காக வகுத்தது. 45-ஐ 72-ஆல் வகுத்தால் தெரியும், மலிவு ரகத்தில் கிடைப்பது முழு நிறத்தில் சுமார் 62 சதவீதம். விவரத்தாளில் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎல்சி எழுதுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பூவும் துணியும் விற்கிறவருக்கு இதுதான் முதல் தகுதி.

எல்சிடியின் கதையில் நம் பக்கத்துக்குச் சொந்தமான ஓர் அத்தியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1888-ல் பிராகில் இருந்த தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்ட்ரில் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகுவதைக் கண்டார். 145.5 டிகிரியில் கலங்கலான திரவம், 178.5 டிகிரியில் தெளிந்த திரவம். நடுவில் இருந்த அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். திரவம்போல் ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகம்போல் வரிசை பிடித்து நிற்கும். அதன் பிறகு தொண்ணூறு ஆண்டுகளுக்கு, திரவப் படிகம் என்றால் குச்சி வடிவ மூலக்கூறு என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்த இடம் பெங்களூரு. சில்க் போர்டு நெரிசல் கருணை காட்டினால் பேரிகையிலிருந்து காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்விடலாம். அங்கே ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1971-ல் திரவப் படிக ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சி.வி.ராமனின் சகோதரி மகன். (நோபல் வாங்கிய வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறு; அவர் ராமனின் அண்ணன் மகன். ஒரே குடும்பத்தில் ஒரே பெயர், பத்திரிகைகள் பலமுறை குழம்பியிருக்கின்றன.) 1977-ல் அவரும் பி.கே.சதாசிவாவும் கே.ஏ.சுரேஷும் சேர்ந்து, தட்டை வட்டாக இருக்கும் மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று காட்டினார்கள். நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி அவை தூண் தூணாக நிற்கும். கட்டுரை வெளியானது வெளிநாட்டு இதழில் அல்ல, பெங்களூருவிலிருந்து வரும் ‘பிரமாணா’வில்.

இதற்கும் மானிட்டருக்கும் என்ன தொடர்பு? பழைய டிஎன் வகைத் திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் தலைகீழாகும், கறுப்பு வெளுக்கும். குச்சி மூலக்கூறுகள் சாய்ந்து நிற்கும்போது பக்கவாட்டில் போகும் ஒளியை வேண்டாத விதத்தில் திரிப்பதுதான் காரணம். வட்டு மூலக்கூறுகள் ஒளியைத் திரிப்பது அதற்கு நேர் எதிரான விதத்தில். ஆகவே வட்டு மூலக்கூறுகளை உறையவைத்து ஒரு படலமாக்கித் திரைமேல் ஒட்டினால் ஒன்றின் பிழையை மற்றது ஈடுகட்டும். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1990-களில் அப்படியொரு படலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேசை மானிட்டர்கள் உலகமெங்கும் தடிமன் குறைந்த அந்த ஆண்டுகளில் டிஎன் திரைகளோடு அதுவும் பரவியது. அந்தப் படலத்தின் வேர் பெங்களூருவில் செய்த அந்த ஆய்வு.

இப்போது நீங்கள் வாங்கப்போகும் கையடக்கத் திரை பெரும்பாலும் ஐபிஎஸ் வகையாக இருக்கும். அதில் மூலக்கூறுகள் சாயாமல், இருந்த தளத்திலேயே சுழலும். அதனால் பக்கவாட்டுப் பார்வையில் பிரச்சினை எழுவதே குறைவு. இரண்டாம் திரை எப்போதும் கொஞ்சம் சாய்வாகத்தான் நிற்கும், அதை நாம் ஓரக்கண்ணால்தான் பார்ப்போம் என்பதால் ஐபிஎஸ் கட்டாயம் வேண்டும். விவரத்தாளில் ஐபிஎஸ் என்று இல்லாமல் ‘எல்சிடி’ என்று மட்டும் இருந்தால் விலகிவிடலாம். ஓஎல்இடி திரைகளும் வந்துவிட்டன. நிறம் அற்புதம், கறுப்பு அசல் கறுப்பு, விலை கையைக் கடிக்கும். நாள் முழுக்க அசையாத எக்செல் கட்டங்களைக் காட்டினால் அவற்றின் தடம் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

பிக்சல் எண்ணிக்கையைக் கடைசிக்குத் தள்ளினேன், காரணம் இருக்கிறது. நல்ல கண்ணுக்குப் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.175 மில்லிமீட்டர். 15.6 அங்குல முழு எச்டித் திரையில் ஒரு பிக்சலின் அளவு 0.18 மில்லிமீட்டர். கண்ணும் திரையும் கிட்டத்தட்டச் சமம். 4கே திரையில் பிக்சல் 0.09 மில்லிமீட்டர். நான்கு மடங்கு பிக்சல், நான்கு மடங்கு தரவு, கூடுதல் மின்சாரம், கண்ணுக்கோ பெரிய லாபமில்லை. தமிழில் அதிகம் எழுதிப் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். ணகரச் சுழிகளும் ஞகர வளைவும் ஆங்கில எழுத்தைவிட அதிக நுணுக்கம் கேட்பவை. சின்ன அளவில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவர்கள் விண்டோஸில் 125 சதவீத அளவு வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது 1920 × 1080 திரையில் இடம் 1536 × 864 ஆகச் சுருங்கும். அவர்களுக்கு 4கே வேண்டாம், 2560 × 1600 போதும்.

மற்றவர்கள் 1920 × 1200 கிடைத்தால் 1080-ஐ விட்டுவிட்டு அதை எடுக்கலாம். கீழே 120 வரிசைப் பிக்சல்கள் கூடுதல் என்றால் எக்செலில் ஆறு வரிகள் கூடுதலாகத் தெரியும். லேடர் வரைபடம் எழுதுகிறவர்கள் திரையைச் செங்குத்தாக நிறுத்தியும் பார்க்கலாம், நீண்ட புரோகிராம் ஒரே பார்வையில் அடங்கும். அதற்குக் கால் உறுதியாக வேண்டும். காந்தத்தில் ஒட்டி மடிக்கும் உறையே கால் என்று வரும் திரைகள் கம்ப்ரஸர் ஓடும் இடத்தில் அதிரும் மேசையில் வழுக்கி விழும். பின்புறத்திலேயே இரும்புக் கால் பதித்தவை, அல்லது முக்காலியில் பொருத்தும் மரையுள்ளவை மேல்.

வாங்கும்போது பில் கேளுங்கள். பிஐஎஸ் பதிவுக் குறி திரையின் முதுகில் இருக்கிறதா, உத்தரவாதத்துக்கு ஓசூரிலோ பெங்களூருவிலோ சர்வீஸ் சென்டர் உண்டா என்று பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். திரையைக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக நிரப்பிப் பாருங்கள். முழு எச்டித் திரையில் நிறப்புள்ளிகள் 62,20,800. ஒன்றிரண்டு செத்திருந்தால் மாற்றித் தர மாட்டோம் என்று பல கம்பெனிகளின் விதி சொல்லும். ஆனால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் அந்த விதியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஓசூர் கடைகளுக்கு நேரில் போகிறவர்கள் லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் கையோடு எடுத்துப்போங்கள். கடையின் டெமோ லேப்டாப்பில் படம் வருவது உங்களுக்கு எதையும் நிரூபிக்காது. உங்கள் லேப்டாப்பில், மானிட்டரோடு வந்த கேபிளில், வெளிச்சத்தை முழுதாக ஏற்றிப் பத்து நிமிடம் எரியவிடச் சொல்லுங்கள். பூக்காரர்கள் ஒரு ரோஜாவையும் எடுத்துப்போகலாம். செல்போனில் படமெடுத்து, அந்தத் திரையில் போட்டு, பூவைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு பணத்தைக் கொடுங்கள்.